உர்பேனின் காது

ஷினோன், 9 நவம்பர் 1913

தம்பி கஸ்பாருக்கு,

நீ அனுப்பிய கல்யாணப் பரிசு வந்து சேர்ந்தது. வைக்கோலும் பழைய செய்தித்தாளுமாகச் சுற்றியிருந்ததை மேஜைமேல் வைத்துப் பிரித்தோம். உள்ளே நீ வரைந்த என் வீட்டுக்காரரின் படம். என் மாமியார்தான் முதலில், "இதுல என் பையன் எங்க இருக்கான்?" என்று கேட்டார். படம் முழுக்க அவர்தான் என்று சொன்னேன். சிலுவை போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் படம் அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

உர்பேனுக்கு என்னவோ அது பிடித்துவிட்டது. தூக்கிக்கொண்டுபோய்ச் சைக்கிள் கடையில், டியூப் தொங்குகிற ஆணிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். யார் இது என்று கேட்டால், "நான்தான். சைக்கிள்லேர்ந்து விழுந்து எந்திரிச்ச அன்னிக்கு வரைஞ்சது" என்கிறார். இந்தப் படம் வந்ததிலிருந்து வியாபாரம் கூடியிருக்கிறதாம். நான் நம்பவில்லை.

எனக்கு ஒரே ஒரு குறை. கண்ணைக் கன்னத்துக்குக் கீழே வைத்தாய், மூக்கைப் பக்கவாட்டில் திருப்பினாய், அதெல்லாம் உன் பாரிஸ் நாகரிகம், போகட்டும். அந்தக் காதை ஏன் விட்டாய்? சின்ன வயதில் நாய் கடித்துக் கிழித்த காது. மேல்பாதியே இல்லை. அதை வெளியே காட்ட அவருக்கு எப்போதும் கூச்சம். கல்யாணத்தன்று போட்டோ எடுத்தபோதுகூடத் தன் அப்பாவின் பெரிய தொப்பியை இரண்டு காதும் மறையும்படி இழுத்துவிட்டுக்கொண்டார். ஆனால் எனக்கு அவரிடம் முதலில் பிடித்ததே அதுதான். திராட்சை அறுவடை முடிந்த நடனத்தில் தொப்பி கழன்று விழ, காதைப் பொத்திக்கொண்டு அவர் நின்ற நிற்பைப் பார்த்துத்தான் நான் ஒப்புக்கொண்டேன். கோடையில் நீ வந்து அவரை உட்காரவைத்துக் கோடு போட்டபோது, என் தம்பிதானே, கழற்றுங்கள் என்று நான்தான் தொப்பியைக் கழற்றச் சொன்னேன். போட்டோவில் இல்லாதது படத்திலாவது இருக்கும் என்று நினைத்தேன். நீயோ ஒரே பக்கத்தில் இரண்டு காது வரைந்திருக்கிறாய். இரண்டும் முழுசு.

"மச்சான் எனக்குக் காது தெச்சுக் குடுத்துட்டாரு. தையக்கூலி எவ்வளவுன்னு கேட்டு எழுது" என்கிறார் உர்பேன். அவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குளிருக்கு விறகு இருக்கிறதா? இருமல் எப்படி?

அக்கா க்ளெமான்ஸ்


பாரிஸ், 22 நவம்பர் 1913

அன்புள்ள அக்கா,

விறகு இல்லை. இருமல் இருக்கிறது. கோட்டையும் செருப்பையும் போட்டுக்கொண்டே போர்வைக்குள் உட்கார்ந்து வரைகிறேன். கறுப்பு வண்ணம் தீர்ந்துவிட்டது. அடுப்புக் குழாயில் படிந்த கரியை வழித்து எண்ணெயில் குழைத்துக்கொள்கிறேன். அடுப்பு எரியாவிட்டாலும் இந்த வகையில் உதவுகிறது.

போன வாரம் காப்பிக்கடையில் என் கவிதைகளை வாசித்தேன். பாதியில் ஒருவன் எழுந்து, இது கவிதையா மளிகைச் சீட்டா என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். படமும் விற்கவில்லை, கவிதையும் போணியாகவில்லை. ஆனாலும் நான் போகிற வழி சரி என்று எனக்குத் தெரிகிறது அக்கா. பசி வேறு, சந்தேகம் வேறு. எனக்கு முதலாவது மட்டும்தான் உண்டு.

காது விஷயத்துக்கு வருகிறேன். அத்தானின் நெற்றியிலிருந்து தோள்வரைக்கும் ஒரு கோடு இறங்கி வருகிறதே, அதைப் பார்த்தாயா? அந்தப் படத்தில் உயிரே அதுதான். பாதிக் காது அந்தக் கோட்டை வழிமறித்தது. எடுத்துவிட்டேன். படம் என்பது போலீஸ்காரன் எழுதிக்கொள்ளும் அங்க அடையாளம் இல்லை. எதை வரைகிறோம் என்பதில் என்ன இருக்கிறது, எதை விடுகிறோம் என்பதுதான் வேலை. உலகத்தில் எல்லாமே கூடிப்போய்க் கிடக்கிறது. யாராவது கொஞ்சம் எடுத்துப் போட வேண்டாமா?

தையக்கூலிக்குப் பதிலாக ஒரு பானை பன்றிக்கறி வறுவலும் உங்கள் ஊர்ப் பேரிக்காய் வற்றலும் அனுப்பச் சொல். அத்தானுக்கு என் முத்தம், இரண்டு காதிலும்.

கஸ்பார்


ஷினோன், 17 செப்டம்பர் 1915

தம்பி,

உர்பேன் பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்துவிட்டுப் போனார். வந்த மனிதர் வேறு யாரோ போல இருந்தார். சாப்பிடும்போது தட்டை மடியில் வைத்துக்கொள்கிறார். கடையைத் திறக்கவே இல்லை. ஒருநாள் மட்டும் உள்ளே போய் உன் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். "உன் தம்பி முன்னாடியே பாத்துட்டான்டி. அங்க எல்லாரும் இப்பிடித்தான் கெடக்குறாங்க" என்றார்.

அவரோடு போன நம் தெருக்காரர்களில் முடிவெட்டுகிற பெலிக்ஸ் இல்லை. ரொட்டிக்கடை அண்ணன் தம்பி இருவரும் இல்லை. கம்பிவேலியை நோக்கி ஓடச் சொல்கிறார்கள், ஓடுகிறார்கள், அவ்வளவுதான். அடுத்தமுறை ஓடும்போது அவர் திரும்பமாட்டார் என்று எனக்குத் தெரிகிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவருக்கும் தெரிந்திருக்கிறது.

உன் நுரையீரலைக் காட்டி உன்னைச் சண்டைக்கு வேண்டாம் என்றார்கள். இப்போது பட்டாளத்தில் ஏதோ ஓவிய வேலை என்று எழுதியிருந்தாய். பட்டாளத்துக்கு எதற்கு ஓவியம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அதிகாரிகளோடு பழகுகிறாய். நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. அம்மா போன பிறகு உன்னை வளர்த்ததைக்கூடச் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது கேட்கிறேன். சமையற்கட்டு, குதிரை லாயம், எதுவானாலும் சரி. அவரை அந்த ஓட்டத்திலிருந்து எடுத்துவிடு.

க்ளெமான்ஸ்


அமியேன், 28 மார்ச் 1916

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. போட்டால் தணிக்கைக்காரன் என்னைச் சுவரோரம் நிறுத்திவிடுவான். விடுப்பில் போகும் நண்பன் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

பட்டாளத்துக்கு எதற்கு ஓவியம் என்று கேட்டாயே, கேள். எங்களை ஒரு பெரிய கொட்டகையில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஓவியர்கள், நாடகத் திரை எழுதுகிறவர்கள், ஒரு பொம்மைக்காரர். பீரங்கிமேல் வண்ணம் பூசி அதை வயலாக்குகிறோம். சாக்குத் துணியில் தெரு வரைந்து, அதற்குப் பின்னால் நிஜ லாரிகளை ஓட்டுகிறோம். நான் வரைந்தது எதுவும் எதைப்போலவும் இல்லை என்று பத்து வருடமாகத் திட்டினார்கள். இப்போது பீரங்கி பீரங்கியைப்போல் இருக்கக்கூடாதாம். அதற்கு என்னை விட்டால் ஆள் ஏது?

ஆனால் இந்த மாதம் கதை தலைகீழ். ஒரு மரத்தை மரமாகவே செய்யச் சொன்னார்கள். நம் பதுங்குகுழிக்கு முன்னால் குண்டுபட்டுத் தலைபோன பாப்லர் மரம் ஒன்று நிற்கிறது. இருட்டில் அதை அறுத்துச் சாய்த்துவிட்டு, அதே இடத்தில் எங்கள் மரத்தை நடுவார்கள். பீரங்கிச் சத்தத்தில் ரம்பச் சத்தம் கேட்காது. எங்கள் மரத்துக்கு உள்ளே தடித்த இரும்புக் குழாய், வெளியே தகரமும் பட்டையும். குழாய்க்குள் ஏணி, உச்சியில் ஒரு முக்காலி, பார்க்க ஒரு துவாரம். அங்கே உட்கார்ந்தால் ஜெர்மன்காரன் சூப் குடிப்பதுகூடத் தெரியும். எதிரிக்கோ நேற்றுப் பார்த்த அதே மரம்.

உள்ளே உட்கார ஒல்லியான ஆள் வேண்டும், பொறுமைசாலியாக இருக்க வேண்டும் என்றார் கேப்டன். நான் அத்தானின் பெயரைக் கொடுத்தேன். அவருடைய பிரிவு அதே பகுதியில்தான் இருக்கிறது. ஆணை வந்துவிட்டது அக்கா. இனி அவர் கம்பிவேலியை நோக்கி ஓட வேண்டியதில்லை. துப்பாக்கித் தோட்டா அந்த இரும்பைத் துளைக்காது. நீ கேட்டதைச் செய்துவிட்டேன்.

மண்ணில் தவழ்ந்துபோய் அந்த மரத்தை நானே வரைந்துகொண்டு வந்தேன். அருமையாக வந்திருக்கிறது. நிஜ மரத்தில் கீழே ஒரு பக்கம் முறிந்த கிளை ஒன்று தொங்குகிறது, மூட்டு கழன்ற கைமாதிரி. மரத்தின் நிற்பையே அது கெடுத்தது. விட்டுவிட்டேன். இப்போது தண்டு ஒரே மூச்சில் மேலே போகிறது. கேப்டன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நெஜ மரத்தவிட இதுதான்யா மரம்" என்றார். எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் பட்டாளத்திடமிருந்து. காப்பிக்கடைக்காரர்களிடம் சொல்ல முடியவில்லையே என்றுதான் வருத்தம்.

கஸ்பார்


ஷினோன், 14 மே 1916

என் தங்கமே, கஸ்பார்,

உன்னை இப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. நீ எரிக்கச் சொன்ன கடிதத்தை நான் எரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறேன். தூக்கம் வராத சமயம் எடுத்து, தோட்டா துளைக்காது என்கிற வரியைப் படித்துவிட்டுத் தூங்குகிறேன்.

உர்பேனிடமிருந்தும் வந்தது. "உன் தம்பி வரைஞ்ச படத்துக்கு வெளிய நின்னு பாத்து சிரிச்சேன். இப்ப அவன் செஞ்ச மரத்துக்குள்ள உக்காந்து கும்புடுறேன்" என்று எழுதியிருக்கிறார். கால் மரத்துப்போகிறதாம், தும்மக் கூடாதாம், வேறு ஒரு குறையும் இல்லையாம். அவர் கையெழுத்து பழையபடி உருண்டையாகிவிட்டது. அதைப் பார்த்துத்தான் நான் அழுதேன்.

கோயிலில் அவருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன், உனக்கு ஒன்று, அந்த மரத்துக்கும் ஒன்று. மாமியார் உன் படத்தைத் தானே துடைத்துக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். இன்னும் அதில் தன் மகனைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். பேரிக்காய் வற்றல் இரண்டு பொட்டலம் அனுப்புகிறேன். ஒன்றை நீ எடுத்துக்கொண்டு மற்றதை மரத்துக்குக் கொடு.

அக்கா


அமியேன், 11 ஜூன் 1916

அக்கா,

நகரசபைத் தலைவர் சாவுச் செய்தியோடு உன் வீட்டுக்கு வந்திருப்பார். நான் முந்திக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை.

ஒரே குண்டு. பெரிய பீரங்கி. முன்னும் விழவில்லை, பின்னும் விழவில்லை, நேராக மரத்தில். சுற்றிலும் வேறு எங்கும் அன்று ஒன்றும் விழவில்லை. கெட்ட வேளை என்கிறார்கள் எல்லோரும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். வேறு எப்படி நினைப்பது?

அத்தானை அங்கேயே கிராமத்துக் கல்லறையில் வைத்தோம். பெட்டியை ஆணியடித்துத்தான் கொடுத்தார்கள். திறக்கக் கேட்டேன், வேண்டாம் என்று தோளைப் பிடித்து நகர்த்திவிட்டார்கள். உன் பேரிக்காய்ப் பொட்டலம் மறுநாள் வந்தது.

அத்தானுக்கான பூசைக்கு வரட்டுமா? கேப்டன் விடுப்புத் தருகிறேன் என்கிறார். ஒரு வரி எழுது.

கஸ்பார்


ஷினோன், 3 பிப்ரவரி 1917

கஸ்பாருக்கு,

பூசைக்கு நீ வந்து நின்றபோது என் தோளைத் தந்து உன்னை அழவிட்டேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்வேன்.

நேற்று ஃபிர்மேன் என்று ஒருவர் வந்தார். கட்டைக்கால். அந்த மரத்தடியில் டெலிபோன் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். உர்பேன் மேலேயிருந்து சொல்வதைக் கீழேயிருந்து அனுப்புவது அவர் வேலை. அதே குண்டில் கால் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் என்னைப் பார்த்து ஆறுதல் சொல்லவேண்டும் என்று வந்திருக்கிறார். நல்ல மனிதர். சூப் கொடுத்தேன். மரத்தைச் செய்தது யார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

பிறகு பிடிபட்ட ஜெர்மன் சிப்பாய் ஒருவன் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தானாம். அவன் கொஞ்சம் நம் பாஷை பேசுவானாம். அவன் சொன்னதை ஃபிர்மேன் எனக்குச் சொன்னார். "அந்த முறிஞ்ச கிளையப் பாத்துத்தாம்மா அவங்க பீரங்கிக்குக் குறி வெப்பாங்களாம். தெனமும் பாக்குற கிளை. ஒருநாள் காலையில கிளையக் காணோம். கீழயும் விழுந்து கெடக்கல. அந்தப் பக்கம் குண்டும் போடல. அப்புறம் மரத்தையே வெச்ச கண்ணு வாங்காமப் பாத்துட்டே இருந்தாங்களாம், வாரக்கணக்கா. எந்தப் புண்ணியவான் அந்த மரத்தச் செஞ்சானோ, கிளைய மட்டும் மறந்துட்டான்."

அவர் போன பிறகு மெத்தைக்கு அடியிலிருந்து உன் கடிதத்தை எடுத்தேன். நீ மறக்கவில்லை. பார்த்தாய், தவழ்ந்துபோய்ப் பக்கத்திலிருந்து பார்த்தாய். மரத்தின் நிற்பைக் கெடுத்தது என்று விட்டுவிட்டாய். தோட்டா துளைக்காது என்ற வரிக்கு நாலு வரி தள்ளித்தான் அது இருக்கிறது. அத்தனை நாளும் அதையும் சேர்த்துத்தான் படித்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

ஓட்டத்திலிருந்து எடு என்று உன்னிடம் கேட்டவள் நான். நீ அவரை உன் படத்துக்குள் உட்காரவைத்துவிட்டாய்.

இனி எழுதாதே. வராதே.

க்ளெமான்ஸ்


அமியேன், 12 பிப்ரவரி 1917

அக்கா,

எழுதாதே என்றாய். இது ஒன்றுக்கு மட்டும் பொறுத்துக்கொள்.

நான் கெட்ட வேளை என்றே நம்பியிருந்தேன். உன் கடிதத்தைக் கொட்டகையில் நின்றுகொண்டு படித்தேன். பக்கத்தில் அடுத்த மரம் பாதி முடிந்து கிடந்தது. அதிலும் துருத்திக்கொண்டிருந்த ஒரு கணுவை வழித்து எடுத்திருந்தேன். கேப்டனிடம் போய், இனி என்னை மரத்தருகே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதை அறிக்கையாக மேலே எழுதி அனுப்புவதால் பயனில்லை, போய் வேறு வேலையைப் பார் என்றார்.

இப்போது சாக்குகளுக்கு மண்நிறம் பூசுகிறேன். அதில் எதையும் விட முடியாது.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் நீ கொடுக்கவேண்டுமே என்று பயமாக இருக்கிறது. நீ என்னை வைது ஒரு கடிதம் எழுது. நீண்டதாக எழுது.

கஸ்பார்


பாரிஸ், 20 நவம்பர் 1918

அக்கா,

சண்டை நின்றுவிட்டது. தெருவெல்லாம் பாட்டு. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். போன வருடம் எழுதியதற்கும் பதில் இல்லை, கோடையில் எழுதியதற்கும் பதில் இல்லை. உங்கள் பக்கம் விஷக்காய்ச்சல் கடுமை என்கிறார்கள். நீ இருக்கிறாயா என்று மட்டும் தெரிந்தால் போதும். வெற்றுத் தாளை உறையில் போட்டு அனுப்பினால்கூடப் புரிந்துகொள்வேன்.

கஸ்பார்


ஷினோன், 6 டிசம்பர் 1919

கஸ்பாருக்கு,

நான் இருக்கிறேன். மாமியார் போய்விட்டார், போன வருடம், அந்தக் காய்ச்சலில். கடைசிவரைக்கும் உன் படத்தைக் கழற்ற விடவில்லை.

நோட்டரியின் மனைவி ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினாள். உங்க தம்பி பெரிய ஆளாயிட்டாராமே என்றாள். உன் கவிதைப் புத்தகம், உன் படங்களோடு. பாரிஸே அதைப்பற்றித்தான் பேசுகிறதாம். அதில் ஒரு கவிதையை எடுத்துப் போட்டிருந்தார்கள். மரம் ஒன்று தன் கையைத் தேடுகிறது. கிளை இல்லாத இடத்தில் பறவை வந்து உட்காருகிறது. இல்லாத கிளைதான் இந்தக் காலத்தின் கலை என்று கீழே யாரோ ஒரு பெரிய மனிதர் எழுதியிருந்தார். கவிதை அழகாக இருக்கிறது, பாவி. அடுப்படியில் நின்று மூன்று முறை படித்தேன். அதற்காகத்தான் உன்மேல் எனக்கு ஆத்திரம்.

மரம் இருக்கிறது, கை இருக்கிறது, பறவைகூட இருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருந்த ஆள் எங்கே? தும்மக்கூடாது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, கால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தாரே, அவர் எங்கே? அவர் கவிதையின் நிற்பைக் கெடுத்தாரா?

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது, அதைச் சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை. அவர் முகம் என்னிடமிருந்து போய்க்கொண்டிருக்கிறது. குரல் முதலில் போயிற்று. கல்யாண போட்டோவில் தொப்பிதான் தெரிகிறது. பட்டாள போட்டோவில் இரும்புத் தொப்பி. உன் படத்தில் அவரே இல்லை. வீட்டில் எங்கே தேடினாலும் அவருடைய காது இல்லை.

அவரை எனக்கு வரைந்து கொடு. உன் பாரிஸ்காரர்களுக்கு இல்லை, எனக்கு. கண் இருக்கிற இடத்தில் கண், மூக்கு இருக்கிற இடத்தில் மூக்கு. உடைந்த பல், கழுத்துச் சுருக்கம், அந்தக் காது. அழகாக இருக்க வேண்டாம். ஒன்றையும் விடாதே. அவரை முழுசாக என்னிடம் திருப்பிக் கொடுத்தால், பிறகு உன்னைத் தம்பி என்று கூப்பிட வாய் வருகிறதா என்று பார்க்கிறேன்.

க்ளெமான்ஸ்


பெர்க் கடற்கரை, 18 பிப்ரவரி 1920

அக்கா,

முகவரியைப் பார்த்துப் பயப்படாதே. உப்புக் காற்று நுரையீரலுக்கு நல்லது என்று இங்கே அனுப்பியிருக்கிறார்கள். இது எங்கே போய் முடியும் என்று இங்குள்ள கன்னியாஸ்திரீகளின் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

அந்தக் கவிதையை அடுத்த பதிப்பில் எடுத்துவிடச் சொல்லிப் பதிப்பாளருக்கு எழுதினேன். ரொம்ப மரியாதையாகப் பதில் போட்டிருக்கிறார். புத்தகத்தை வாங்குகிறவர்கள் அதற்காகத்தான் வாங்குகிறார்களாம். எடுக்கவேண்டியதை எடுக்கத் துணிந்த நாளில் என் கையில் கத்தி இல்லை.

படம் இத்துடன் வருகிறது. பென்சிலில்தான் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பையன் ஆப்பிள் வரைவதுபோலத் தொடங்கினேன். எனக்கு அது மறந்தேபோயிருந்தது, கை ஒவ்வொரு கோட்டிலும் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டப் பார்த்தது. அழித்து அழித்துத் தாள் பஞ்சாகிவிட்டது. உடைந்த பல்லை வரைந்தேன். சிரிக்கும்போது ஒரு கண் சின்னதாகுமே, அதை வரைந்தேன். நகத்துக்குள் இருக்கும் சைக்கிள் மசகும் இருக்கிறது பார். காதைக் கடைசியாக வரைந்தேன். அதை முடிக்கும்போது பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப்பார்த்து, "யாரு, உன் அண்ணனா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

என் வாழ்க்கையில் நான் வரைந்தவற்றில் மனிதன் இருக்கிற படம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கஸ்பார்


ஷினோன், 9 மார்ச் 1920

கஸ்பார்,

உறையைப் பிரித்ததும் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். அவர்தான். அந்தச் சின்னக் கண், அந்தப் பல். கொஞ்ச நேரம் அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன், உனக்குச் சொல்வதில் என்ன வெட்கம். கடையில் வேலை இல்லாத வேளையில் வாசலில் நின்று தெருவைப் பார்ப்பாரே, அதே பார்வை.

பிறகுதான் காதைப் பார்த்தேன். வலது காதைக் கிழிந்ததாக வரைந்திருக்கிறாய்.

இடதுதானே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. உன் படத்தைப் பார்க்கும்வரை எனக்கு இடது என்று தெரியும். பார்த்த பிறகு தெரியவில்லை. கட்டிலில் போய்ப் படுத்துப் பார்த்தேன். அவருடைய பாதிக் காது என் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும், அதில்தான் ரகசியம் சொல்வேன். ஆனால் முதல் குளிர்காலம் கட்டில் ஜன்னலோரம் இருந்தது, பிறகு அடுப்போரம் மாற்றினோம். நான் எந்தப் பக்கம் படுத்தேன் என்பதே குழம்பிவிட்டது.

கேட்க யார் இருக்கிறார்கள்? மாமியார் இல்லை. முடிவெட்டுகிற பெலிக்ஸ் இல்லை. மாவு விற்கும் மதாம் ஓபெரை நிறுத்திக் கேட்டேன், இடது என்றாள். அவள் புருஷன் உள்ளேயிருந்து வலது என்று கத்தினான். இருவரும் அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் நடுவில் நின்றேன், கூடையோடு, என் புருஷனின் காதுக்காக.

இத்தனை பேர் பார்த்த ஒரு காது எங்கே போயிற்று, கஸ்பார்?

ஒன்று கேட்கிறேன். நீ அவரை எதிரில் உட்காரவைத்துச் சாயங்காலம்வரை பார்த்தவன். தொப்பியில்லாமல் பார்த்தவன். பார்ப்பது உன் தொழில். நீ வலது என்று தெரிந்துதான் வரைந்தாய் என்றால் நான் ஒப்புக்கொள்கிறேன். இனி எனக்கும் வலதுதான். விளக்கம் எல்லாம் வேண்டாம். "தெரியும்" என்று ஒரு சொல் எழுது, போதும். அதை வைத்துக்கொண்டு நான் மிச்ச நாளைத் தள்ளிவிடுவேன். உன்னையும் வந்து பார்ப்பேன். ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டேன்.

அக்கா


பெர்க் கடற்கரை, 16 மார்ச் 1920

அக்கா,

நீ கேட்ட சொல்லை எழுதி எழுதிப் பார்த்தேன். எழுதிவிட்டால் உனக்குக் கட்டிலில் ஒரு பக்கம் உறுதியாகிவிடும். நீ ரயில் ஏறுவாய். நானும் அக்காவைப் பார்த்துவிட்டுப் போவேன். எல்லாம் நேர்த்தியாக முடியும். முன்பிருந்த கஸ்பார் இதற்குள் எழுதித் தபாலில் போட்டிருப்பான்.

எனக்குத் தெரியாது.

படத்தில் வெளிச்சம் அத்தானின் வலதுபக்கத்து ஜன்னலிலிருந்து விழுவதாகத் தொடங்கியிருந்தேன். காது அந்தப் பக்கம் இருந்தால்தான் நன்றாகத் தெரியும். அதனால் வலது. இந்தமுறையும் அவ்வளவுதான் அக்கா.

அன்று அத்தான் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கூச்சத்தில் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒருமுறை காதைத் தொட்டுக் காட்டி, "மச்சான், இதயும் வரையணுமா?" என்று கேட்டார். வரையச் சொல்லித்தான் கேட்டார் என்று இப்போது நினைக்கிறேன். எந்தக் கையால் தொட்டார் என்று உன் கடிதம் வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வேணாம் அத்தான், அது இல்லாமயே நல்லாருக்கு" என்று சொன்னேன்.

அது என் கோட்டுக்கு இடைஞ்சலாக இருந்தது என்பது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவே இல்லை.

கஸ்பார்